தங்கச்சி இல்லாதவன் என்ன செய்வான்? பையன்களிடம் பெண்களைப் பற்றிப் பேசுவது

கேள்வி: ஜூன் 2, இரவு 9.40

என் மகனுக்கு 14 வயது. அவன் வகுப்புப் பையன்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கூடப் படிக்கும் பெண்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். இவன் மார்க் போடவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான். "உனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு எவனாவது இப்படி மார்க் போட்டா சும்மா இருப்பியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே சிரிப்பு. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேறு வழி இருக்கிறதா?

பதில்: ஜூன் 2, இரவு 11.15

பிடுங்காதீர்கள். குழு பாட்டுக்கு நடக்கும், உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நான் பதினோரு வருடமாக வார இறுதிகளில் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறேன். 13 முதல் 17 வயது வரை வருவார்கள். இந்தத் தங்கச்சி வசனத்தை நானும் வருடக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அதையே எடுத்து விட்டேன். பின்னாலிருந்து ஒருவன், "சார், தங்கச்சி இல்லாதவன் என்ன பண்றது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அவன் கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை.

ஜூன் 3, காலை 6.50

பதினோரு வருடம் என்று எழுதியது தப்பு. நடுவில் முழங்கால் போய் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். ஒன்பது.

இன்னொன்று. உங்கள் பையன் மார்க் போடவில்லை என்பதை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சிரிக்கிற பொம்மையைத்தான் நான் முதலில் பிடிப்பேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஜூன் 3, இரவு 10.05

தங்கச்சி வசனத்தில் என்ன தப்பு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் 148-ம் குறளையும் போட்டிருக்கிறார், "பிறன்மனை நோக்காத பேராண்மை" என்று.

குறளை மறுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள், 141. "பிறன்பொருளாள்" என்றுதான் தொடங்குகிறது. பிறனுக்குப் பொருளாக உள்ளவள், அதாவது இன்னொருவனுக்கு உரியவள். அந்தக் காலத்துப் பேச்சு, போகட்டும். நாம் இன்றைக்குப் பையன்களிடம் சொல்வதும் அதேதானே? "அவள் ஒருத்தனுக்குத் தங்கச்சி, ஒருத்தனுக்கு மகள், நாளைக்கு ஒருத்தனுக்கு மனைவி, அதனால் தொடாதே." வேலி போட்ட தோட்டம், உள்ளே போகாதே என்பது மாதிரி. அப்படியானால் வேலி போட ஆள் இல்லாதவள்? அண்ணன் இல்லாதவள், அப்பா இல்லாதவள், ராத்திரி தனியாக வீடு திரும்புகிறவள்?

அப்புறம், அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்தவன் தன் தங்கச்சியை என்ன செய்வான்? காவல் காப்பான். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று கேட்பான். அதையும் பாசம் என்றே நினைத்துக்கொள்வான். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்று இரண்டு உளவியலாளர்கள் 1996-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பெண்ணை மட்டம் தட்டுவது ஒரு வகை. "நீ பூ மாதிரி, உன்னைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை" என்று தூக்கி வைப்பது இன்னொரு வகை. பார்த்தால் எதிரும் புதிரும் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. நான் ஒன்பது வருடமாக இரண்டாவதைக் கொண்டு முதலாவதை விரட்டப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 4, மதியம் 1.20

"நீங்கள் மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று கேட்டவருக்கு: இல்லை.

வாலிபாலில் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. புதிதாக வரும் சின்னப் பையன்களுக்கு நான் வலையை இறக்கிக் கட்டுவேன். ஒரு தடவை ஒருவன் பந்தைத் தொடர்ந்து வலையிலேயே அடித்துக்கொண்டிருந்தான். "ஏண்டா, பொம்பளை வலையையே தாண்ட மாட்டேங்குற" என்றேன். அன்றிலிருந்து அந்த வலைக்கு அதுதான் பெயர். புதிதாக வருகிறவனெல்லாம் எப்போது பொம்பளை வலையிலிருந்து தப்பிப்போம் என்று காத்துக் கிடந்தான். பெண்ணோடு ஒப்பிடுவது தண்டனை என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் அதே வாயால் மரியாதை பற்றிப் பிரசங்கம்.

ஜூன் 4, இரவு 11.30

"பார்க்கவே கூடாதா? சைட் அடிப்பது வயசுக் கோளாறு, இயற்கை" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பாதி சரி. 15 வயதுப் பையனிடம் "அழகை ரசிக்காதே" என்று சொன்னால் அவன் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவான். எனக்கும் 15 வயது இருந்தது.

ஆனால் பிடித்துப்போவது வேறு, பொருளாக்குவது வேறு. எங்கே பிரிகிறது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. மார்த்தா நுஸ்பாம் என்ற தத்துவ அறிஞர் 1995-ல் எழுதிய ஒரு கட்டுரை உதவியது. ஒரு மனிதரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு அடையாளம் சொல்கிறார். ஏழையும் இங்கே கொட்டப் போவதில்லை. முதலாவது, ஒருவரை நம் காரியத்துக்குக் கருவியாக்குவது. எனக்கு அதிகம் உதவியது இன்னொன்று: ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்தால் போதும் என்று நினைப்பது. இது போனால் அது. கடையில் சாமான் வாங்குவது மாதிரி. நாம் பேசும் சொற்களைப் பாருங்களேன். பீஸ், அயிட்டம், சரக்கு, ஃபிகரு. எல்லாம் எண்ணி அடுக்கக்கூடியவை, ஒன்று போனால் இன்னொன்று கிடைப்பவை. ஒருத்தியை உண்மையாகவே பிடித்துப்போன பையன் இந்தச் சொல்லைப் பயன்படுத்தமாட்டான், கவனித்திருக்கிறீர்களா? நண்பன் அந்தச் சொல்லைச் சொன்னாலே முகம் சுண்டிப்போகும். அவளுக்குப் பதில் இன்னொருத்தி ஆகாது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பத்துக்கு ஏழு, பத்துக்கு நாலு என்பதும் அதே கதைதான். மார்க் போட்டால்தான் வரிசைப்படுத்த முடியும்.

ஜூன் 5, காலை 7.10

பெண்கள் பக்கத்தில் இது என்ன செய்கிறது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். ஒரு பரிசோதனை நினைவுக்கு வருகிறது. கல்லூரிப் பெண்களை நீச்சலுடை போட்டு எல்லோர் முன்பும் நிற்கவைத்துக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். மார்க் குறைந்தது.

ஜூன் 5, இரவு 9.00

காலையில் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். யார் முன்னாலும் நிற்கவைக்கவில்லை. உடை மாற்றும் அறை மாதிரி ஒன்று, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். உள்ளே வேறு யாரும் கிடையாது. சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். போட்டுப் பார்த்துவிட்டு, அதோடேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். ஆண்களுக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. பார்பரா ஃபிரெட்ரிக்சனும் கூட்டாளிகளும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு.

நான் தப்பாக நினைவு வைத்திருந்ததே வேடிக்கைதான். பார்க்க ஆள் இருந்தால்தான் கூச்சம் வரும் என்று என் மண்டை தானாகவே ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்த அறையில் ஆளே இல்லை. வெளியே இருக்கும் பார்வை எப்போதோ உள்ளே வந்து குடியேறிவிட்டது. கணக்குக்குப் போக வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு, தான் எப்படித் தெரிகிறோம் என்பதற்குப் போய்விடுகிறது. உங்கள் பையனின் குழு அந்தப் பெண்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். வகுப்பில் இப்படி ஒரு குழு இருந்தால் பெண்களுக்குத் தெரியாமல் இருக்காது.

ஜூன் 6, காலை 6.30

கொஞ்சம் விளையாட்டுப் பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தொழில்... தொழில் இல்லை, பைத்தியம்.

கடற்கரை வாலிபாலில் பெண்கள் பிகினியோ ஒற்றைத்துண்டு நீச்சலுடையோதான் போட வேண்டும் என்று விதியே இருந்தது. 2012-ல், லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்னால்தான் அரைக்கால் சட்டையும் கை வைத்த மேல்சட்டையும் எல்லோருக்கும் அனுமதித்தார்கள். கடற்கரை ஹேண்ட்பாலில் இன்னும் மோசம். 2021-ல் ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள் அணி பிகினிக்குப் பதில் அரைக்கால் சட்டை போட்டு ஆடியது. 1,500 யூரோ அபராதம்! ஆண்கள் அதே ஆட்டத்தை அரைக்கால் சட்டையில்தான் ஆடுகிறார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். புதிய விதியைப் படித்துப் பாருங்கள். பெண்களுக்கு உடம்போடு ஒட்டிய இறுக்கமான கால்சட்டை, ஆண்களுக்கு ரொம்பத் தொளதொள என்று இல்லாத கால்சட்டை. திருந்திவிட்டார்களாம்.

இதைப் பையன்களிடம் சொன்னேன். ஒழுக்கப் பாடம் என்றால் கொட்டாவி விடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். "ஷார்ட்ஸ் போட்டா ஃபைனா? சார், இது அநியாயம்." தங்களுக்குத் தெரிந்த ஆட்டம், தங்களுக்குத் தெரிந்த உடை. ஆடும்போது உடை உறுத்தினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். தங்கச்சியைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 6, இரவு 11.50

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

நாங்கள் ஆடும் மைதானத்தில் எங்களுக்கு அடுத்த ஒரு மணி நேரம் பெண்கள் அணிக்கு. ஒரு நாள் அவர்களுடைய செட்டர், அதாவது அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், என்னிடம் வந்தாள். 16 வயது இருக்கும். "சார், நாங்க ஆடும்போது உங்க பசங்க போன் எடுக்காம பாத்துக்கிறீங்களா?" என்றாள். "ஆட்டத்தைத்தாம்மா எடுக்கிறாங்க, கத்துக்கட்டுமே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி சார் என்று போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, தன் சர்வ் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று ஒரு பையன் போனை நீட்டினான். நான் ஒன்று தள்ளிவிட்டேன் போல. அடுத்த வீடியோ ஓடியது. பெண்கள் ஆட்டம். முழு நாற்பது விநாடியும் ஒரே பெண்தான். எங்கும் பந்தைக் காணோம். அவள் எம்புகிறாள், கை வீசுகிறாள், எதை அடித்தாள், எங்கே விழுந்தது, ஒன்றும் திரையில் இல்லை. சுற்றி அவள் அணியும் இல்லை.

அவனை அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கோபம் அவன் மேல் வரவில்லை, நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டபோதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் "ஆட்டத்தைத்தாம்மா" என்றேன். தொந்தரவு வேண்டாம் என்று.

ஜூன் 7, காலை 8.15

பிறகு என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். மைதானத்தில் போன் கிடையாது என்றேன், அழிக்கச் சொன்னேன், வேறு யாருக்காவது அனுப்பினானா என்று பார்த்தேன். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவன் வீட்டையும் அந்தப் பெண்ணின் வீட்டையும் கூப்பிட்டிருப்பேன். அது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். இப்போது எழுதும்போது தோன்றுகிறது, அனுப்பாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 7, இரவு 10.40

சிரிக்கிற பொம்மைக்கு வருகிறேன், மறக்கவில்லை.

அமெரிக்காவில் கோச்சிங் பாய்ஸ் இன்டு மென் என்று ஒரு திட்டம். பயிற்சியாளர்கள் தங்கள் அணிப் பையன்களிடம் வாரத்துக்கு ஒருமுறை 10, 15 நிமிடம் பெண்களை மரியாதையாக நடத்துவது பற்றிப் பேச வேண்டும். ஒரு சீசன் முழுக்க அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் ஆண்டு கழித்து வந்த முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். பெண்கள் பற்றிய கருத்துகளில் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டிக்கேட்கும் துணிச்சலிலும் இல்லை. வித்தியாசம் இரண்டு இடத்தில் இருந்தது. பழகும் பெண்ணிடம் வன்முறையாக நடப்பது குறைந்தது. நண்பன் தப்பு செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிப்பது குறைந்தது.

எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. 15 வயதில் நண்பனைத் தட்டிக்கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, பெரியவர்களுக்கே முடிவதில்லை. சிரிக்காமல் இருக்கலாம். ஜோக் சொல்கிறவனுக்குத் தேவை பெண் இல்லை, சுற்றி இருக்கும் நாலு பையன்களின் சிரிப்புதான். அது வரவில்லை என்றால் ஜோக் நடுவிலேயே தொங்கும். மைதானத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவன் ஏதோ சொன்னான், பக்கத்தில் இருந்தவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான், நிமிரவே இல்லை. சொன்னவன் "சும்மா சொன்னேன்டா" என்று தானே சொல்லிக்கொண்டான்.

வகுப்பறைப் பாடத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அணி, குழு மாதிரி இடத்தில்தான் இது நடக்கும்.

ஜூன் 8, மதியம் 12.45

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். ஒரு ஆசிரியை ஹரியானாவை நினைவுபடுத்தினார். அங்கே 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்டப் பாதிப் பள்ளிகளில் 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்-பெண் சமத்துவம் பற்றி இரண்டரை ஆண்டு வகுப்பு நடத்தினார்கள். முக்கால் மணி நேர வகுப்பு, ஆணும் பெண்ணும் சேர்ந்தே, பேச்சும் விவாதமுமாக. பிள்ளைகளின் கருத்து மாறியது, வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. ஆக வகுப்பறையிலும் நடக்கும். ஒரு நாள் பேச்சாளரை அழைத்து, மாலை போட்டு, உறுதிமொழி எடுத்தால்தான் நடக்காது. டீச்சர், நன்றி.

ஜூன் 8, இரவு 11.20

வீடியோவுக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது, பிரமாதமான யோசனை என்றே நினைத்தேன். பெண்கள் ஆட்டத்துக்கு என் பையன்களை ஸ்கோர் எழுதவும் கோடு பார்க்கவும் வைத்தேன். ஸ்கோர் எழுதுகிறவன் யார் எந்த இடத்தில் நிற்கிறார், அடுத்த சர்வ் யாருடையது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது வாரம் ஒருவன் வந்து, "சார், அந்த ஒன்பதாம் நம்பர் பின்வரிசையில இருந்து அடிக்கிறாளே, அதை எப்படி பிளாக் பண்றது?" என்றான். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

அடுத்த வாரம் அந்த செட்டர் வந்தாள். இந்த முறை கூட அவர்கள் பயிற்சியாளர் மேடமும். ஏன் திடீரென்று இந்த ஏற்பாடு என்று கேட்டார்கள். பெருமையாக விளக்கினேன். பையன்கள் எப்படி மாறுகிறார்கள் பாருங்கள் என்றேன். செட்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்களை வெச்சு உங்க பசங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க சார். நாங்க ஆட வந்திருக்கோம்" என்றாள்.

கருவியாக்குவது. ஏழில் முதலாவது. நாலு நாள் முன்னால் நானேதான் இங்கே எழுதினேன்.

மேடம் கொஞ்சம் தணிவாக, கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்போம் என்றார். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பையன்களிடம் கேட்டேன், மைதானக் காவலரிடம் கேட்டேன்.

ஜூன் 9, காலை 7.00

இல்லை, அந்த ஏற்பாட்டை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் நிறுத்திவிட்டு, பிறகு மேடம் கேட்டதால் ஒரே ஒரு பையனை மட்டும் அனுப்புகிறேன். யாரை என்பதை அவர்கள் அணி சொல்கிறது. வீடியோ எடுத்தவனை இதுவரை கூப்பிடவில்லை. அவன் இப்போதெல்லாம் பயிற்சிக்கே சரியாக வருவதில்லை. எல்லோரையும் திருத்திவிட்டேன் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான்.

ஜூன் 10, இரவு 10.10

முதலில் கேள்வி கேட்ட அப்பா மறுபடி எழுதியிருக்கிறார். பையனிடம் போனைப் பற்றிப் பேசாமல், "எதுக்குச் சிரிச்சே?" என்று மட்டும் கேட்டாராம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன், "நீங்க மட்டும் டிவில நியூஸ் வாசிக்கிறவங்களைப் பத்தி மாமாகிட்ட சொல்லிச் சிரிச்சீங்களே" என்றானாம். அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

ஐயா, அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? இன்னும் சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, சாக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் கேட்டதே நல்லது. என் பையன்கள் யாரும் அந்த வலையைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. வலைக்கு இன்னும் அதே பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை கட்டும்போது, அந்தப் பெயரை வைத்தவன் நான், தப்பு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.